முதுகு காட்டி நின்றவர்களின் படம்

என் மருமகள் எடுத்த படங்களில் கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஊற்றிக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. வலது பக்கம் தூக்கியிருக்கும், இடது பக்கம் இறங்கியிருக்கும். "ஏளா, கடலை நேரா நிமித்து. இப்படி ஊத்துனா சாயங்காலத்துக்குள்ள வத்திப்போவும்" என்றேன். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு அந்தப் படத்தை அழித்தாள். அழிக்கும்போது கேமரா 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவளும் அவள்தான். எனக்குக் கையெழுத்துப் போட வரும். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். அதற்கு மேல் பள்ளிக்கூடம் எனக்குக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் எதைச் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான். சொன்னதை எழுத வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அவளைப் பற்றி வருகிற இடத்திலும் அப்படியே.

அவள் சாத்தான்குளத்துப் பக்கம். செம்மண்ணும் பனையும் முருங்கையும் பார்த்து வளர்ந்தவள். எங்கள் கரையில் மாமியாரை மாமி என்போம். இவள் வந்த நாளிலிருந்து அத்தை என்கிறாள். நான் திருத்தவில்லை. வாய் எதற்குப் பழகியிருக்கிறதோ அப்படிக் கூப்பிடட்டும். மீன் என்றால் அவளுக்குக் குழம்பில் கிடப்பதுதான். அது கரைக்கு எப்படி வருகிறது, யார் யார் கை மாறுகிறது என்பதெல்லாம் இங்கே வந்த பிறகு பார்த்தது.

என் மகன் மஸ்கட்டில் வெல்டர். பேத்தி குப்புற விழுவதற்கு முன்னாலேயே புறப்பட்டுப் போனவன். செல்போனில் எடுத்து அனுப்புகிற படத்தில் பிள்ளையின் முகம் மங்கலாக வருகிறது என்று சொல்லி, ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவன் கையில் ஒரு கேமராவைக் கொடுத்துவிட்டான். பிள்ளையை எடுத்து அனுப்பத்தான் அது வந்தது. ஆனால் கேமரா கையில் இருந்தால் பிள்ளையோடு நிற்குமா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவாள், பிள்ளை மணலில் விளையாடும், இவள் கண் வேறு எங்கேயாவது ஓடும். கருவாடு காயப்போடுகிறவளை எடுப்பாள். வலை முடிகிற ஆளை எடுப்பாள். உப்பளத்துக் குவியல்மேல் போர்த்திய கீற்றை எடுப்பாள். நாளடைவில் பேத்தியின் படம் ஒன்றென்றால் மற்றவை பத்து என்று ஆனது.

முட்டி இற்றுப்போய் நான் மீன் விற்பதை நிறுத்திய வருடம் அது. கல்யாணமான மறுவருடம் தலையில் ஏற்றிய சட்டி. மில்லர்புரத்துத் தெருக்களில் என் குரலைக் கேட்டுத்தான் சிலர் வீட்டில் உலையே வைப்பார்கள். அப்படி இருந்தவளுக்குச் சும்மா உட்கார வராது. மத்தியானம் சாப்பிட்டு முடித்து, பிள்ளை தூங்கிய பிறகு, மின்விசிறிக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன். அவள் கேமராவைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காருவாள். "அத்தை, பாருங்க." நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் என் மகனுக்குப் போகும். அது அவளாகவே வைத்துக்கொண்ட பழக்கம். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

பேத்தியை எடுத்திருப்பாள். தலைக்கு நேர்பின்னால் கரண்டுக் கம்பம் நிற்கும். "பிள்ளை தலையில கம்பம் முளைச்சிருக்கே, காக்கா வந்து உக்காரவா?" என்பேன். கருவாட்டுக்காரியை எடுத்திருப்பாள், பாதம் இருக்காது. "காலை எங்கன விட்டுட்டு வந்தே? வாலை வெட்டிட்டு மீனைக் கொண்டுபோனா எந்த வீட்டுல வாங்குவாவ?" துறைமுகத்துக் கிரேன்களை எடுத்திருப்பாள், முக்கால்வாசி வானம்தான் இருக்கும். "இவ்வளவு வானத்தை வாங்கி என்ன செய்யப் போறே?"

இவையெல்லாம் நியாயமான குறைகள். இன்றைக்குக் காட்டினாலும் இதைத்தான் சொல்வேன். அவளும் கேட்டுக்கொண்டாள். கடல் நிமிர்ந்தது. கம்பங்கள் தலையை விட்டு நகர்ந்து நின்றன. பாதங்கள் வந்து சேர்ந்தன. நான் அடுத்த குறைக்குப் போனேன். குறை சொல்வது நின்றுவிட்டால் நான் பார்ப்பதும் நின்றுவிட்டது என்று அர்த்தம். அவளுக்கு அது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அந்தப் படம் வந்தது.

சாயங்கால வெயில். கரையில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், வள்ளங்கள் வருவதைப் பார்த்து. எல்லார் இடுப்பிலும் வெறும் சட்டி. நமக்குத் தெரிவது முதுகுகள்தான். ஒருத்தி மட்டும் திரும்பியிருக்கிறாள். அவள் என் கூட்டாளி. பல வருடம் என்னோடு ஒரே ஆட்டோவில் சட்டியை ஏற்றி வந்தவள். பக்கத்தில் நிற்பவள் என்னவோ சொல்லியிருக்க வேண்டும். அதற்குத் திரும்பி, வாயை முழுக்கத் திறந்து, வெற்றிலைக் கறைப் பல் தெரியச் சிரிக்கிறாள். மற்றவர்களுக்கு அந்தச் சிரிப்பு கேட்கவே இல்லை. கடலைப் பார்த்தபடியே இருக்கிறார்கள்.

நான் என்ன சொன்னேன்? "என்ன படம்ளா இது. எல்லாளும் முதுகைக் காட்டிட்டு நிக்காளுவ. யாரு எவன்னே தெரியல."

அவள் அடுத்த படத்துக்குப் போனாள். அதை நான் பார்க்கவில்லை. "முந்தினதைக் காட்டு" என்றேன். காட்டினாள். "சிரிக்கவ வாயைப் பாரு, வள்ளமே உள்ள போயிரும்."

மறுநாளும் கேட்டேன். "அந்த முதுகுப் படத்தை எடு." எடுத்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "நடுவுல என்ன, பல்லு விழுந்த மாதிரி ஒரு சந்து? ரெண்டு எட்டு தள்ளி நின்னு எடுத்தா மறைஞ்சிருக்கும்லா" என்றேன்.

அதற்கு அடுத்த நாளும் கேட்டேன். வெயில் சரியில்லை என்றோ என்னவோ சொன்னேன். அவள் கேமராவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

எதிர்வீட்டுக்காரியின் மகளுக்குப் புதுநன்மை வந்தது அந்தச் சமயத்தில்தான். பிள்ளைகள் கோயிலில் முதன்முதலாக நன்மை வாங்குகிற நாள். வெள்ளை உடுப்பு, தலையில் வெள்ளை முக்காடு, கையில் மெழுகுதிரி. எங்கள் கரையில் கல்யாணத்துக்கு அடுத்தபடி அதுதான். அன்றைக்கு எடுக்கிற படம் பெரிதாக வீட்டுச் சுவரில் ஏறிவிடும், பிள்ளை கல்யாணமாகிப் போன பிறகும் இறங்காது. அந்த எதிர்வீட்டுக்காரி வந்து என் மருமகளிடம் கேட்டாள்.

"நீ எடுத்துக் குடுளா. மூத்தவளுக்கு ஸ்டூடியோக்காரரை வச்சு எடுத்தோம், பிள்ளையைப் பொம்மை மாதிரி விறைக்க வச்சுட்டாரு. நீ எடுத்த என் பிள்ளை படத்தைப் போன்ல பாத்தேன். பிள்ளை பிள்ளையா இருக்கா."

மருமகளின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. நான் உள்ளேயிருந்து பார்த்தேன். மலர்ந்த முகம் அடுத்த நொடி சுருங்கியதையும் பார்த்தேன். "யோசிச்சுச் சொல்லுதேன் அக்கா" என்றாள்.

"இதுல என்ன யோசனை? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிரு. இல்லாட்டி நான் ஸ்டூடியோக்காரர்ட்ட போயி நிக்கணும்."

அன்று சாயங்காலம் என் மகன் போனில் பேசினான். நான் முற்றத்துக் குழாயடியில் பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் சன்னலுக்கு உள்பக்கம். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கில்லை. காதில் விழுந்ததைத் தள்ளிவிடும் பழக்கமும் இல்லை.

"எனக்கு வராதுங்க. சும்மா ஆசைக்கு எடுத்தேன். அவங்க பிள்ளைக்கு ஒரு தடவைதான் புதுநன்மை. நான் எடுத்துக் கெடுத்துட்டா? அத்தை இத்தனை நாள் பாக்காங்க, ஒரு படத்தைக்கூட நல்லாருக்குன்னு சொன்னதில்ல. அவங்க பொய் சொல்லமாட்டாங்க. உங்க கூட்டாளி வந்தா கேமராவைக் குடுத்துவிடுதேன். அங்கன யாருக்காவது உதவும்."

கேமரா அதன் பைக்குள் போனது. பை பீரோவுக்கு மேலே போனது.

எனக்குக் கோபம்தான் வந்தது. மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு படத்தையும் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தவள் நான். வேண்டாத சரக்குக்கு முன்னால் யாராவது நிற்பார்களா? இவ்வளவு நேரம் நின்று பார்த்தேனே, அது போதாதா இவளுக்கு? 'அவங்க பொய் சொல்லமாட்டாங்க' என்றாளே, அது மட்டும் உள்ளே போய்க் குத்திக்கொண்டு நின்றது. ஏன் குத்துகிறது என்று அப்போது புரியவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

சனிக்கிழமை என் நாத்தனார் வருவதாக இருந்தது. அவளுக்கு நல்ல மீன் போடாவிட்டால் அதைக் கல்லறை வரைக்கும் கொண்டுபோவாள். முட்டி வலியோடு தனியாகப் போக முடியாது. "ஏலக்கூடத்துக்கு வாறியா?" என்று மருமகளைக் கேட்டேன். "கேமராவையும் எடு. என் கூட்டாளி அவ மகளுக்கு அனுப்ப ஒரு படம் கேட்டுக்கிட்டே இருக்கா."

அது நிஜம். கேட்டிருந்தாள். மருமகள் பீரோ மேலிருந்து பையை எடுத்தாள், கடன் கழிப்பதுபோல.

ஏலக்கூடத்தில் என் கூட்டாளி கேமராவைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, வாயையும் இறுக்கி மூடிக்கொண்டு, ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல நின்றாள்.

"சிரிங்க பெரியம்மா" என்றாள் மருமகள்.

"சிரிச்சா என் மக, அம்மாவுக்கு அங்கன வேலையே இல்ல, ஒரே சிரிப்புத்தான்னு நெனைப்பா. நீ எடு."

எடுத்தாள். அதற்குள் புதிதாகக் கூடைகள் வந்து இறங்கின, ஏலம் விடுகிற அண்ணாச்சியின் குரல் ஏறியது. என் கூட்டாளி கேமராவை மறந்துவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தாள். நானும் என் மீனைப் பார்க்கப் போனேன். மருமகள் ஒரு தூணோரமாக நின்று என்னவெல்லாமோ எடுத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

நாத்தனார் சாப்பிட்டு, குறை ஒன்றும் சொல்லாமல், அதனாலேயே கொஞ்சம் வருத்தமாகப் புறப்பட்டுப் போனாள். மருமகள் கேமராவோடு வந்து உட்கார்ந்தாள். "பெரியம்மா படத்தைப் பாத்துச் சொல்லுங்க. அனுப்பிட்டு மூடி வச்சிருதேன்."

ரேஷன் கார்டுப் படத்தைப் பார்த்தோம். அடுத்த படம் வந்தது. அதைக் கண்டதும் அவள் விரல் அழிக்கிற பொத்தானுக்குப் போனது.

"இது வேண்டாம் அத்தை. அழுகின மீனைப் பாத்து மூஞ்சைச் சுளிச்சிட்டு நிக்காங்க. பாத்தாங்கன்னா கோவிச்சுக்கிடுவாங்க."

"நில்லு. எங்க, காட்டு."

என் கூட்டாளி ஒரு கூடைக்கு முன்னால் நிற்கிறாள். கூடையில் விளமீன். அவள் மூக்கு சுருங்கி, உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கை 'சீ, தூக்கிப் போடு' என்பதுபோல விரிந்திருக்கிறது.

"அழுகினதா?" என்றேன். "ஏளா, இன்னைக்கு இறங்கினதுலயே அதுதான் மீனு. செவுளைப் பாரு, செம்பருத்தி மாதிரி. அந்தக் கூடையைத்தான் அவ வாங்கினா. நாம தின்னோமே மத்தியானம், அவகிட்டயிருந்து ரெண்டை நான் பிடுங்கிட்டு வந்தேன்."

"பின்ன ஏன் இப்படி மூஞ்சை வச்சிருக்காங்க?"

"வேணும்னா அப்படித்தான் வைக்கணும். நல்லாருக்குன்னு மூஞ்சில காட்டினா அண்ணாச்சி விடுவாரா? கண்ணு எதுல நிக்கின்னு பாத்துக்கிட்டே இருப்பாரு. பிடிச்ச மீனைத் திட்டணும். திட்டிட்டு நாலு எட்டு போயிட்டுத் திரும்பி வரணும். வந்து இன்னொரு குறை சொல்லணும். பிடிக்கலைன்னா எதுக்கு வாயைத் தொறக்க? பேசாம தாண்டிப் போயிருவோம்லா."

சொல்லி முடிக்கும்போதே என் குரல் எனக்குக் கேட்டது.

மருமகள் கேமராவை மடியில் வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "உப்பளத்துப் படத்துக்கு ஒண்ணுமே சொல்லாம தள்ளுன்னீங்க. அது?"

"அது நல்லால்ல."

"பிள்ளை தொட்டில்ல கையை நீட்டினது? விரலு அஞ்சா ஆறான்னு கேட்டீங்களே."

நான் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தேன்.

"அப்போ முதுகுப் படம்? மூணு நாளு கேட்டு வாங்கி வாங்கித் திட்டினீங்களே?"

"அதை எடு. இப்போ எடு, பாப்போம்."

"அழிச்சிட்டேன்."

"உன் மாப்பிள்ளைக்கு அனுப்பியிருப்பேல்லா. அவன்கிட்ட கேளு."

"நீங்க பாத்துச் சரின்னு சொல்லாம எதை நான் அனுப்பினேன்?"

அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம். என் வீட்டுக்கு வந்த பிறகு அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

"இது வீடு அத்தை. ஏலக்கூடம் இல்ல. நான் என்ன விலையா ஏத்தப் போறேன்?"

நானும் விடவில்லை. "உனக்குக் கண்ணு இல்லையா? எடுத்தவ நீ. நான் சொன்னா உடனே அழிச்சிருவியா? நல்ல சரக்கு வச்சிருக்கவ எவளாவது வாங்க வந்தவ திட்டுனான்னு மீனைக் கடல்ல கொட்டுவாளா?"

"நான் உங்களை வாங்க வந்தவளா நெனைக்கல. வீட்டாளா நெனைச்சேன்."

அவள் அடுப்படிக்குள் போனாள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. நான் காலை நீட்டியபடியே இருந்தேன். அவள் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. மில்லர்புரத்தில் ஒரு வீட்டம்மா தினமும் என் மீனைத் திட்டியே வாங்குவாள். எனக்கு அவள்மேல் வருத்தம் வந்ததில்லை, ஏனென்றால் எனக்கு அந்தப் பாஷை தெரியும். செம்மண் காட்டிலிருந்து வந்தவளுக்கு எப்படித் தெரியும்? நானும் சொல்லவில்லையே. அது ஒரு பாஷை என்றே எனக்கு அதுவரை தோன்றியதில்லை. அதுதான் பேச்சு என்று இருந்துவிட்டேன்.

தேநீர் வந்தது. டம்ளரைக் கொஞ்சம் ஓங்கித்தான் வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்தாள்.

"இனிமே நல்லாருக்கு, நல்லால்ல ரெண்டும் வேண்டாம் அத்தை. நீங்க எதைச் சொன்னாலும் நான் திருப்பித் திருப்பிப் பாத்துக் குழம்புவேன். படத்தைக் காட்டினதும் உங்க கண்ணு முதல்ல எங்கன போச்சு, அப்புறம் எங்கன போச்சு, எங்கன நின்னுது. அதை மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் ஆயுசு முழுக்க மறைத்துப் பழகியது அது ஒன்றைத்தான். கண் எங்கே நிற்கிறது என்பது வெளியே தெரிந்துவிட்டால் அன்றைய பிழைப்பு போச்சு. அதை எடுத்து வெளியே வை என்கிறாள். "சொல்லுதேன்" என்றேன். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "எதிர்வீட்டுக்காரி நாளைக்குள்ள சொல்லச் சொன்னா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனாள்.

முதுகுப் படத்தை மறுபடி எடுக்கப் பார்த்தோம். அதையும் சொல்லிவிட வேண்டும். நானும் கூடப் போனேன். என்னைக் கண்டதும் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். "எப்பிடி இருக்க, முட்டு எப்பிடி இருக்கு" என்று சுற்றி நின்றுகொண்டார்கள். கடலைப் பாருங்க என்றால் பார்க்கிறார்கள், ஆனால் சொல்லிப் பார்க்கிற முதுகு வேறு மாதிரி இருக்கிறது. என் கூட்டாளி சிரிக்கச் சொன்னதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுடையதே இல்லை. போனது போனதுதான்.

புதுநன்மை நாளன்று மருமகள் விடியற்காலையிலேயே எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலில் பின்வரிசையில் இருந்தேன். அவளை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கண்ணில் படாமல் எங்கேயோ நின்று எடுத்திருக்கிறாள்.

மறுநாள் மத்தியானம் உட்கார்ந்தோம். என் கையெல்லாம் வியர்த்தது. சிரிக்காதே, எழுது.

முதல் படம். பிள்ளை பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டிருக்கிறது. "முதல்ல ஓரத்துல நிக்க சாமியாரோட பாதி மூஞ்சிக்குப் போச்சு. அவரு யாரு, மிச்ச மூஞ்சி எங்கன்னு தேடிக்கிட்டே நின்னுட்டேன். பிள்ளைக்கு வரவே இல்ல." அவள் தலையாட்டினாள். "வெட்டிரலாம் அத்தை. பக்கத்தைக் கொஞ்சம் வெட்டினா அவரு போயிருவாரு." வெட்டிக் காட்டினாள். சாமியார் போனார், கண் நேரே பிள்ளையிடம் போனது. சொன்னேன்.

இன்னொன்று. பிள்ளைகள் எல்லாரும் மெழுகுதிரியோடு வரிசையாக வருகிறார்கள். "எல்லா திரியும் ஒண்ணுபோல எரியுது, கண்ணு ஓடிக்கிட்டே இருக்கு, எங்கனயும் உக்காரல." அவள் யோசித்தாள். "இவ ஒருத்தி திரியை மட்டும் கிட்ட போயி எடுத்திருக்கணும்." அதை நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள். நான் கண் போன வழியை மட்டும் சொல்ல, அவள் அதிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாள். இத்தனை நாள் கடலை நிமிர்த்து, காலைச் சேர் என்று வேலையை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நான் பார்த்ததை அவளிடம் ஒப்படைத்தால் போதும் என்று ஆகிவிட்டது. அதில் எனக்குச் சின்ன வருத்தம் இருந்தது உண்மை.

பிறகு ஒரு படம். கோயில் படிக்கட்டு. கடல்காற்றில் பிள்ளையின் முக்காடு ஒரு பக்கம் பறக்கிறது. தாய் பட்டுச்சேலையோடு படியில் குந்தி, பிள்ளையின் செருப்பு வாரை மாட்டிவிடுகிறாள். பிள்ளை தாயின் தலைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கீழ் உதட்டைக் கடித்தபடி, வேறு எங்கோ பார்க்கிறது.

வாய் வரைக்கும் வந்தது. 'தாயோட மூஞ்சியே தெரியலயே' என்று வந்தது. விழுங்கினேன்.

"முதல்ல முக்காடு" என்றேன். "அப்புறம் அந்தக் கை. தாய் தலைமேல இருக்க கை. அங்கன இருந்து செருப்புக்கு இறங்கிச்சு. திரும்பவும் கைக்கு வந்துட்டு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கையிலதான் நிக்கி. இன்னமும் அங்கனதான் நிக்கி."

'டிக்' சத்தம் வரவில்லை.

அந்தப் படம்தான் எதிர்வீட்டுச் சுவரில் ஏறியது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அந்த வீட்டுக்காரி தெருவையே கூப்பிட்டாள். நானும் போனேன். கூட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்ததும் பழைய வாய் முந்திக்கொண்டது. "நெத்தியில நிழலு விழுந்திருக்கே" என்றேன். விலகி நாலு எட்டு போனேன். திரும்பி வந்தேன். "செருப்பு வாரு பழசு. புதுசு வாங்கிப் போட்டிருக்கலாம்."

எதிர்வீட்டுக்காரியின் முகம் விழுந்துவிட்டது. வாசல் பக்கமிருந்து என் மருமகளின் குரல் வந்தது. "கவலைப்படாதீங்க அக்கா. அத்தைக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இன்னும் கொஞ்சம் நேரம் விட்டா சட்டத்தோட தூக்கிட்டு வந்துருவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தெருவுக்கு முன்னால் என்னைத் திறந்து காட்டிவிட்டாளே என்று இருந்தது. பேத்தியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் சாயங்காலம் அவள் கேமராவைக் கொண்டுவந்தபோது நகர்ந்து இடம் கொடுத்தேன்.

இப்போது அவளைக் கூப்பிடுகிற வீடுகள் கூடிவிட்டன. கேமராப் பை பீரோ மேலே ஏறுவதில்லை, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. என் மகன் அடுத்த முறை வரும்போது இதைவிட நல்லதாக ஒன்று கொண்டுவருகிறானாம். கொண்டுவரட்டும்.

இவ்வளவையும் சொன்னது இதற்காக இல்லை. அழிந்துபோன படத்தைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. நேருக்கு நேர் சொன்னால் என் வாய் வேறு எதையாவது சொல்லிவிடும். சொல்லச் சொல்ல அவள் கையாலேயே எழுதிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. எழுது.

அந்தப் படத்தைக் காட்டியபோது என் கண் முதலில் போனது சிரிக்கிறவளிடம் இல்லை. நடுவில் இருந்த சந்துக்குப் போனது. பல் விழுந்த மாதிரி என்று திட்டினேனே, அதற்குத்தான். அந்த முதுகுகள் யார் யாருடையவை என்று எனக்குத் தெரியும். என் கூட்டாளிக்கு இந்தப் பக்கம், வலதுகாலில் பாரம் போட்டு நிற்கிறவளுக்கு அந்தப் பக்கம், நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம். அங்கே நிற்கிறவள் நான். முட்டி இற்று நான் போகாமல் இருந்த அத்தனை நாளிலும் அவர்கள் நெருங்கி நின்று அதை அடைக்கவில்லை. அது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. நீ எடுத்த படத்தில்தான் பார்த்தேன். மூன்று நாளும் கேட்டு வாங்கிப் பார்த்தது அதைத்தான்.

நல்ல படம் அது.

ஏன் நிறுத்திவிட்டாய்? நான் சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்று பேச்சு. எழுது.